புள்ளி விட்ட மெய்

திங்கள் பதினொரு மணிக்குத் தொலைபேசி.
"மிஸ், உங்கட ரிப்போட்ல
கோட்டைல ஒரு டெங்கு கேஸ் ஈக்கி.
எந்த ஊடு?"

பரிசோதகர் ஹில்மி.
புகையடிக்கும் ஆட்கள் இருவரோடு
விடிந்ததிலிருந்து
வங்கிகளுக்கும் கப்பல் கம்பனிகளுக்கும் நடுவே
ஒரு காய்ச்சல்காரனைத் தேடுகிறார்.
இரவில் கோட்டையில் படுப்பவர்கள்
காவலாளிகளும் பூனைகளும்தான்.
காவலாளிகள் எல்லாரும் சுகம்.

கோப்பைத் திறந்தேன்.
கொழும்பு ஒன்று: பூச்சியம்.
என் கூட்டுத்தொகையில்: ஒன்று.
கறுவாத்தோட்டத்தில் மூன்று பேர், அறிக்கையில் நான்கு.
வெள்ளவத்தை இருபத்தாறு, இருபத்தேழாகியிருந்தது.
மருதானை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ்,
முகத்துவாரம் வரை
எங்கும் ஓர் ஆள் அதிகம்.

நுளம்பு இவ்வளவு நீதியாகக் கடிக்காது.
பிழை என்னுடையது.

நான் எழுதிய சார்புகள் இரண்டு.
அறிக்கை தயாரிப்பது ஒன்று. அது
வட்டாரம் பிரிக்கும் மற்றதைக் கூப்பிடும். அது
மொழி பிறந்தபோதே கூடப் பிறந்த
கூட்டலைக் கூப்பிடும்.
இரண்டுக்கும் வாசலில் மூன்று புள்ளி வைத்திருந்தேன்.
மேலதிகமாக எது வந்தாலும்
என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி
அடுத்தவரிடம் கொடு
என்பதற்கான குறி.
ஆய்தம் அல்ல.
ஆய்தம் அடுப்புக்கல்போலக் குந்தியிருக்கும்.
இவை வரிசையில் நிற்பவை.

155இன் பின்வாசல் நெரிசலில்
நான் நீட்டும் நூறு ரூபாய்த் தாள்
மூன்று கை மாறிக் கண்டக்டரிடம் போகும்.
நடுவில் உள்ள எந்தக் கையும்
அதை விரித்துப் பார்ப்பதில்லை.
மரியாதை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. மழை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.
நான் கொடுத்தனுப்பிய கட்டளை:
விடுபட்டதை நீக்கு என்பது மெய்.
அதன் பேர் எழுத்தில்
என்-ஏ, ஒரு புள்ளி, ஆர்-எம்.
புள்ளியை விட்டுவிட்டேன்.

முதற்சார்பு வாங்கிற்று,
தன்னுடையதல்ல என்று கடத்திற்று.
இரண்டாவதும் கடத்திற்று.
கூட்டலுக்கு அப்படியொரு பேர் தெரியாது.
தெரியாத பேரைத் திருப்பி அனுப்பும் பழக்கமும் இல்லை.
உறையைக் கிழித்து எறிந்துவிட்டு
உள்ளே இருந்ததைப் பார்த்தது:
மெய்.
கணினிக்கு மெய் என்றால் ஒன்று.
கூட்டிவிட்டது,
பதினைந்து தடவை.

சிவப்பில் ஒரு வரி எச்சரிக்கை இல்லை.
இருந்திருந்தால் வெள்ளிக்கிழமையே
பஸ்ஸைத் தவறவிட்டிருப்பேன், அவ்வளவுதான்.

அரிச்சுவடியில் படித்ததுதானே.
தலையில் புள்ளி இருந்தால் மெய்.
புள்ளியை எடு, உயிர் ஏறும்.
ஏறியிருக்கிறது.
கட்டில் இலக்கமில்லாத, இரத்தப் பரிசோதனைத் துண்டில்லாத
பதினைந்து உயிர்.
அவர்களில் ஒருவனைத்தான்
ஹில்மி வெயிலில் தேடிக்கொண்டிருக்கிறார்.

சொன்னேன்.
புள்ளி, பெயர், எல்லாவற்றையும் சொல்லாமல்
"அப்படி ஒருவர் இல்லை, என்ர பிழை" என்று மட்டும்.
கொஞ்ச நேரம் வாகன இரைச்சல் கேட்டது.
"பரவால்ல மிஸ்.
பேங்க் மூணாம் மாடி ஏஸிக்குக் கீழ
தண்ணித் தட்டு நிறையப் புழு.
இல்லாத மனுசன் காட்டித் தந்தான்."

புள்ளியை வைத்தேன்.
பதினைந்து பேரும் ஒரே நொடியில் சுகமானார்கள்.
கோட்டை பூச்சியத்துக்குத் திரும்பிற்று.
திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டுத்தான்
அந்தக் கட்டளையை மறுபடி வாசித்தேன்.

விடுபட்டதை நீக்கு.

ஏதோ ஒரு திங்கட்கிழமை
முகத்துவாரத்திலிருந்து ஒரு படிவம் வராது.
அதில் எத்தனை பேர் என்று தெரியாமலே
இரண்டு சார்பும் கை மாற்றிக் கொடுக்க
கூட்டல் அதைக் கழித்துவிட்டுக் கூட்டும்,
அப்போதும் சத்தமில்லாமல்,
எழுத்துப்பிழை எதுவும் இல்லாமல்.